வான் பார்க்கப் போன ஞாயிறு

எட்டு மணிக்கு வெளிக்கிடுவம் என்றுதான் பேச்சு.
எட்டரைக்குச் சின்னவள் கக்கினாள்,
எனக்கும் அவளுக்குமாய் இரண்டு சட்டை மாற்றியாயிற்று.
ஒன்பதுக்குப் பெரியவன் சொன்னான்
தனக்கு இந்தக் காற்சட்டை வேண்டாமாம்,
எந்தக் காற்சட்டையும் வேண்டாமாம்.
ஆரூரனுக்கு வயது இரண்டேமுக்கால்.
வீட்டுச் சட்டம் அவன் எழுதுவது.

பைக்குள் பம்பஸ் நாலு,
சுடுதண்ணிப் போத்தல், மாப்பேணி, மாரி பிஸ்கற்,
கிழித்த பழஞ்சேலை,
ஒரு கையில்லாத பிளாஸ்ரிக் பொலிஸ்காரன்
(அவன் வராவிட்டால் ஆரூரனும் வரான்).
ரூபன் தூக்கிப் பார்த்துக் கேட்டான்:
"இரணைமடுவுக்கோ, கனடாவுக்கோ?"

பத்தேகாலுக்கு மோட்டார் சைக்கிள் உறுமியது.
பெற்றோல் ராங்கியில் ஆரூரன்.
பின்னால் நான்.
ரூபனின் முதுகுக்கும் என் நெஞ்சுக்கும் இடையில்
பாணுக்குள் சம்பல் மாதிரி மிதிலா.

வட்டக்கச்சிச் சந்தியில் பொலிஸ் இல்லை.
கொஞ்சம் தள்ளி, நடு றோட்டில்
ஒரு மயில் நின்றது,
லைசன்ஸ் கேட்கப்போவதுபோல.
ஆரூரன் சலூட் அடித்தான்.
விட்டுவிட்டது.

குளக்கட்டில் கிளிநொச்சி முழுக்க நின்றது.
கதவுகள் அத்தனையும் திறந்து
தண்ணி விழுந்த விழுகையில்
கால் வழியாக இடி ஏறியது.
"தம்பி, அங்க பார், வான் பாயுது!"
அவன் பார்த்தான்,
சனத்துக்குப் பின்னால்
பாட்டுப் போட்டபடி நின்ற ஐஸ்கிறீம் வானை.
"பாயேல்லை அம்மா," என்றான்,
"சும்மா நிக்குது."

வீட்டில் கரண்டி விழுந்தால் முழிக்கிற மிதிலா
அந்த இரைச்சலில் வாய் திறந்து நித்திரை.
அப்போதுதான் ரூபன் கண்டான்,
ஒரு கால் வெறுங்கால்.
பாரிசிலிருந்து அவளின் பெரியம்மா அனுப்பிய
இளஞ்சிவப்புச் சப்பாத்து,
நடக்கத் தெரியாதவளின்
அடி தேயாத சப்பாத்து.

திரும்பினோம்.
இடப்பக்கம் ரூபனுக்கு, வலப்பக்கம் எனக்கு,
வானத்தைத் தான் பார்ப்பதாக ஆரூரன்.
ஒவ்வொரு பள்ளத்திலும் மழைத்தண்ணி.
ஒவ்வொரு பிளாஸ்ரிக் துண்டும் சப்பாத்து.

றோட்டில் ஒற்றைச் சப்பாத்துத் தேடி
எனக்குப் பழக்கமில்லை.
பதினாலு வயதில், வேறொரு தெருவில்,
ஒற்றைச் செருப்புகளைக் கடந்து கடந்து நடந்தேன்.
ஆரும் திரும்பிப்போய் எடுக்கவில்லை.
என்னுடையதும் ஒன்று அதுக்குள் கிடந்திருக்கும்.
இதை ரூபனுக்குச் சொல்லவில்லை,
அவனும் அந்தத் தெருவால் வந்தவன்.
"கொஞ்சம் மெதுவா" என்றேன்.
அவன் அதற்கு முன்பே
மெதுவாகத்தான் ஓடிக்கொண்டிருந்தான்.

வாய்க்கால் திரும்புகிற இடத்தில்,
துளிர்த்திருந்த கதியால் ஒன்றின் நுனியில்
ஆரோ எடுத்துச் சேறு துடைத்து
கவிழ்த்து வைத்திருந்தார்கள்.
சுற்றிவரப் பார்த்தேன்.
வயலுக்குள் இறைக்கிற மெஷின் சத்தம்,
கயிறு அறுத்துக்கொண்டு வந்த ஒரு பசு.
"நன்றி" என்றான் ஆரூரன் பசுவிடம்,
முன்பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி.

கொண்டுபோன பம்பஸ் நாலும் அப்படியே இருந்தது.
தேவைப்பட்டது பெரியவனுக்கு ஒரு மாற்றுக் காற்சட்டை,
அதைத்தான் நான் வைக்கவில்லை.
காலையில் கேட்டபடியே
காற்று வாங்கிக்கொண்டு வீடு வந்தான்.

சப்பாத்தைக் கழுவிக் கொடியில் போட்டேன்.
அடுத்த மாதம் அது அவளுக்குக் காணாது.
சோறு தீத்தி, முகம் துடைத்து,
ஒன்பது மணிக்கு லைற் நிற்பாட்டின பிறகு
பாய்க்குள்ளிருந்து ஒரு குரல்:
"அம்மா, என்ர பொலிஸ் எங்க?"

பையைக் கவிட்டுக் கொட்டினேன்.
மாரி பிஸ்கற் தூள்.

ரூபன் ஒன்றும் பேசாமல் எழும்பி
மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்தான்.